கானுக்குப் போகும் வழிகள்

மே மாதம் வந்தால் பிரான்சின் தென்கரையிலுள்ள கான் நகரத்தின் வானம் நெரிசலாகிவிடும். நகரத்துக்குப் பக்கத்திலே மான்டலியூ என்று ஒரு சிறிய விமான நிலையம் இருக்கிறது. பயணிகள் சேவை விமானங்கள் அங்கே இறங்குவதில்லை. தனியார் ஜெட்டுகளுக்கும் சிறு விமானங்களுக்குமான இடம் அது. அந்த ஓடுபாதை போதாத பெரிய ஜெட்டுகள் நீஸ் நகரத்தில் இறங்கும். நீஸிலிருந்து கானுக்குத் தரைவழியே முப்பது கிலோமீற்றர்கூட இல்லை. அந்தத் தூரத்தையும் ஹெலிகொப்டரில் ஏழெட்டு நிமிடத்தில் கடப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கார், விழா மாளிகையின் 24 படிகள், சிவப்புக் கம்பளம், படப்பிடிப்பாளர்களின் கூச்சல். மறுநாள் காலையில் அந்தப் படங்கள் கிழக்கிலங்கையின் சவளக்கடைச் சந்தியில் கல்முனை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பையனின் கைபேசிக்கு வந்துவிடுகின்றன.

அந்தப் பையன் குறும்படம் எடுக்கிறவனாக இருக்கலாம். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நற்பிட்டிமுனை என்று நம் பக்கத்தில் கைபேசியாலும் இரவல் கமராவாலும் படம் எடுக்கும் பிள்ளைகள் இப்போது நிறைய. அந்த ஜெட் படங்களைப் பார்க்கப் பார்க்க, உலகத் திரைப்பட விழா என்பது பணக்காரர் கூடும் இடம், நமக்கு அங்கே என்ன வேலை என்ற எண்ணம் அவர்களுக்குள் ஊறிவிடுகிறது. அந்த எண்ணம் தவறானது என்றும், அது நம் பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்கிறது என்றும் நான் உறுதியாக நம்புகிறேன். கானுக்கும் அதுபோன்ற விழாக்களுக்கும் யார் போகிறார்கள், எந்த வழியால் போகிறார்கள், செலவை யார் கொடுக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், ஜெட்டுக்கும் சினிமாவுக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறியது என்பது தெரியவரும்.

முதலில் ஜெட்டில் வருகிறவர்களைப் பார்ப்போம். நகை, அழகுசாதனம், ஆடை, கைக்கடிகாரம் விற்கும் நிறுவனங்களுக்குக் கான் விழா ஆண்டின் மிகப் பெரிய காட்சியறை. 1998 முதல் விழாவின் உச்ச விருதான தங்கப் பனையைச் செய்து கொடுப்பது சொப்பார்ட் என்ற சுவிஸ் நகை நிறுவனம். 118 கிராம் 18 கரட் தங்கத்தில் அந்தப் பனையோலையை வார்க்கிறார்கள். லொரியால் நிறுவனமும் பல ஆண்டுகளாக விழாவின் பங்காளி. ஐஸ்வர்யா ராய் 2002இல் 'தேவதாஸ்' படத்தோடு கானுக்குப் போனார். அதற்குப் பிந்திய ஆண்டுகளில் அவர் பெரும்பாலும் லொரியாலின் முகமாகவே அந்தப் படிகளில் ஏறினார். போட்டியில் படம் இல்லாத ஒருவர் கம்பளத்தில் நடப்பதற்குக் காரணம் இதுதான். ஆடை, ஒப்பனை, ஹோட்டல், பயணம் எல்லாம் விளம்பரச் செலவுக் கணக்கில் போகும். அதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. விழாவின் செலவில் ஒரு பகுதி இந்தப் பணத்தால்தான் நடக்கிறது. ஆனால் அது படம் தெரிவுசெய்யும் மேசைக்குப் போகும் வழி அல்ல என்பதை நம் வாசகர் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நம் பத்திரிகைகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. "கான் விழாவில் திரையிடப்பட்டது" என்ற ஒரே வாக்கியம் மூன்று நான்கு வேறு விடயங்களைக் குறிக்கிறது. விழாவின் அதிகாரபூர்வத் தெரிவு ஒன்று. இயக்குநர் பதினைந்து நாட்கள், விமர்சகர் வாரம், அசிட் என்ற இணைப் பிரிவுகள் இன்னொன்று. அவற்றைத் தனித்தனி அமைப்புகள் நடத்துகின்றன. மூன்றாவது, விழாவோடு சேர்ந்து நடக்கும் திரைப்படச் சந்தை. அங்கே மண்டபத்தை வாடகைக்கு எடுத்து யாரும் தம் படத்தை வாங்குவோருக்குக் காட்டலாம். மாதவனின் 'ராக்கெட்ரி' 2022இல் காட்டப்பட்டது அந்தச் சந்தையில். அந்த ஆண்டு அங்கே இந்தியா கௌரவ நாடாக இருந்தது. சந்தைக்குப் போவது வியாபாரத்துக்கு நல்லது. ஆனால் அது தெரிவு ஆகாது.

2017 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். 'சங்கமித்ரா' என்ற பிரமாண்டமான தமிழ்ப் படத்தின் அறிமுகம் கான் நகரத்தில் நடந்தது. ஏ. ஆர். ரஹ்மான், ஜெயம் ரவி, ஆர்யா, ஸ்ருதி ஹாசன் எல்லோரும் போயிருந்தார்கள். தமிழ் ஊடகங்கள் அதைத் தமிழ்ச் சினிமாவின் உலக வருகை என்று கொண்டாடின. சில நாட்களில் கதாநாயகி விலகினார். அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. படமே இல்லாமலும் கானில் படம் பிடித்துக்கொள்ள முடியும் என்பதற்கு எனக்கு அதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

இனி, படத்தின் பலத்தால் மட்டும் அங்கே போனவர்களைப் பார்ப்போம். இலங்கையின் கணக்கு 1957இல் தொடங்குகிறது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' அந்த ஆண்டு கானின் போட்டிப் பிரிவில் இருந்தது. சென்னை ஸ்ரூடியோக்களின் தட்டிகளுக்குள் சிங்களப் படங்கள் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கிராமத்துக்குப் போய் வெயிலில் கமராவை வைத்த படம் அது. உலகம் தேடியதும் அதைத்தான். 2005இல் விமுக்தி ஜயசுந்தர 'சுலங்க எனு பினிஸ' படத்துக்காக, முதற்பட இயக்குநருக்கான தங்கக் கமரா விருதை அமெரிக்கரான மிராண்டா ஜூலையோடு பகிர்ந்துகொண்டார். போர் நிறுத்தக் காலத்தின் வெறுமையைப் பேசிய அந்தப் படத்தில் பேச்சே குறைவு.

அதன் பிறகு தமிழும் அந்த மேடைக்குப் போகிறது. அசோக ஹந்தகம தமிழிலேயே எடுத்த 'இனி அவன்' 2012இல் அசிட் பிரிவில் காட்டப்பட்டது. போர் முடிந்து யாழ்ப்பாணத்து ஊருக்குத் திரும்பும் முன்னாள் போராளியின் கதை. அதில் நடித்த தர்ஷன் தர்மராஜை நாம் 2022 ஒக்டோபரில் இழந்தோம்; நாற்பதைச் சற்றே தாண்டிய வயது. நம் நாட்டுச் சினிமாவில் இன்னும் எவ்வளவோ செய்திருக்க வேண்டிய கலைஞர் அவர்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2015இல், ஜாக் ஓடியாரின் 'தீபன்' தங்கப் பனையையே வென்றது. கோயன் சகோதரர்கள் நடுவர் குழுவின் தலைமையில் இருந்தார்கள். படத்தின் உரையாடலில் பெரும்பகுதி தமிழ். இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளை வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் அறியாத ஓர் ஆணும் பெண்ணும் சிறுமியும் குடும்பமாக நடித்துப் பிரான்சுக்குள் போகிறார்கள். தீபனாக நடித்த அந்தோனிதாசன் யேசுதாசன், நாம் ஷோபாசக்தி என்று படிக்கும் எழுத்தாளர். அல்லைப்பிட்டியில் பிறந்து, சிறு வயதில் போராளி இயக்கத்தில் இருந்து, 1993இல் அகதியாகப் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தவர். 'கொரில்லா' நாவலை எழுதிய கை அவருடையது. கானின் படிகளில் ஏறிய நம்மவர்களில் மிகத் தூரத்திலிருந்து வந்தவர் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். அவர் வந்த வழியில் ஜெட் இல்லை. முகாம்களும் விசாரணை அறைகளும் இருந்தன.

'தீபன்' பற்றி ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். மொழி நமது, முகம் நமது. இயக்குநரும் பணமும் பிரான்சுடையவை. 'இனி அவன்' கதையும் ஓரளவு அப்படித்தான்: ஹந்தகம தமிழ்ப் படம் எடுத்தார், அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும், ஆனால் அந்த இடத்தில் ஒரு தமிழ் இயக்குநர் ஏன் இருக்கவில்லை? 1962இல் 'சமுதாயம்' படத்தோடு தொடங்கிய இலங்கைத் தமிழ்ச் சினிமா, 'குத்துவிளக்கு', 'வாடைக்காற்று', பத்திராஜ இயக்கிய 'பொன்மணி' என்று எழுபதுகளில் கொஞ்சம் நிமிர்ந்தது. 1983 ஜூலையில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. கட்டடத்தோடு போனது ஒரு தொழிலின் அடித்தளம். மும்பையின் திரைப்பட மரபு அறக்கட்டளை சுமித்ரா பீரிஸின் 'கெஹெனு லமய்' படத்தைப் புதுப்பித்து, 2025இல் கானின் செவ்வியல் பிரிவில் காட்ட வைத்தது. பழைய பிரதி எங்காவது பத்திரமாக இருந்தால்தான் அப்படி ஒரு மறுபிறப்பு நடக்கும். நம் பழைய தமிழ்ப் படங்களுக்கு அந்தப் பாதுகாப்பை யார் கொடுத்தார்கள்?

கானை மட்டும் பார்ப்பது போதாது. நெதர்லாந்தின் ரொட்டர்டாம் விழா 1972 முதல் நடக்கிறது. நட்சத்திரங்களைவிடப் புதிய இயக்குநர்களுக்குப் பேர்போனது. தமிழுக்கு அது மிகப் பெரிய கதவாக இருந்திருக்கிறது. 2021இல் பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' அங்கே புலி விருதை வென்றது. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்து வெயிலில் ஒரு தகப்பனும் மகனும் நடந்தே வீடு திரும்பும் படம். கணவன் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட தன் சகோதரி கைக்குழந்தையோடு நடந்து வந்த நடைதான் கதைக்கு வித்து என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார். சின்ன வயதிலேயே வேலைக்குப் போய், திருப்பூரில் உழைத்து, சென்னையில் டிவிடி கடையில் நின்று உலகப் படங்களைப் பார்த்துச் சினிமா கற்றவர் அவர். அவருடைய அடுத்த படமான 'கொட்டுக்காளி' 2024இல் பேர்லின் விழாவின் ஃபோரம் பிரிவுக்குப் போனது. 2023இல் அதே ரொட்டர்டாமில், விசாகேச சந்திரசேகரம் இயக்கிய 'மணல்' என்ற இலங்கைத் தமிழ்ப் படம் நடுவரின் சிறப்பு விருதைப் பெற்றது. காணாமற்போன காதலியைத் தேடும் ஒரு முன்னாள் போராளி இளைஞனின் கதை அது.

இந்தப் படங்கள் எப்படிப் பயணம் செய்தன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் காலம் நமக்குச் சாதகமாக மாறியிருக்கிறது. பிலிம் காலத்தில் ஒரு முழுநீளப் படம் ஐந்தாறு தகரப் பெட்டிகளில் இருக்கும். ஒவ்வொரு சுருளும் சுமார் இருபது நிமிடம். எல்லாம் சேர்ந்தால் ஒரு நெல்லு மூட்டையின் பாதிப் பாரத்தையாவது எட்டும். அதை விமானச் சரக்கில் ஏற்ற வேண்டும், சுங்கத்தில் காகிதம் காட்ட வேண்டும், ஒரு பிரதி தொலைந்தால் இன்னொன்று அச்சடிக்கக் காசு இருக்காது. இப்போது தெரிவுக்கு அனுப்புவது ஓர் இணைப்பும் கடவுச்சொல்லும்தான். தெரிவான பிறகு திரையரங்கக் கோப்பு ஒரு சிறிய வன்வட்டில் போகும், அல்லது இணையத்திலேயே ஏறும். கல்முனையில் ஒரு கணினிக் கடையின் இணைய வேகம் போதும். 2025 கான் விழாவுக்கு 2,900க்கும் மேற்பட்ட முழுநீளப் படங்கள் இப்படி வந்தன. பிரதான போட்டிக்கு இருபத்துச் சொச்சமே போயின. போட்டி கடுமையானதுதான். ஆனால் படம் போவதற்கான செலவு மிகவும் குறைந்துவிட்டது.

படத்துக்குச் செலவு குறைவு, படம் எடுத்தவருக்கு அப்படி இல்லை. பல விழாக்கள் தெரிவான படத்தின் இயக்குநருக்குப் பயணச்சீட்டும் தங்குமிடமும் தரும். அதன் பிறகு வருவது வீசா. இதைத்தான் நம் பிள்ளைகளின் உண்மையான தூரம் என்று நான் நினைக்கிறேன். ஷெங்கன் வீசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மறுத்தாலும் அது திரும்பக் கிடைக்காது. 30,000 யூரோவுக்குக் காப்புறுதி வேண்டும். வங்கிக் கூற்று, வேலைக் கடிதம், சம்பளப் பட்டியல், திரும்பி வருவதற்கான ஆதாரம், விரலடையாளம். விண்ணப்பத்தைக் கொடுக்கக் கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போக வேண்டும். குறும்படம் எடுக்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் சம்பளப் பட்டியல் எப்படி இருக்கும்? காணி உறுதி வாப்பாவின் பெயரில் இருக்கும். வங்கிப் புத்தகத்தில் அறுவடைக் காலத்தில் மட்டும் பணம் ஏறி இறங்கும். அழைப்புக் கடிதம் கையில் இருந்தும் மேசைக்கு அப்பால் இருப்பவர் அந்தப் பிள்ளையைக் கலைஞராகப் பார்ப்பதில்லை, திரும்பி வராதவராகவே பார்க்கிறார்.

அந்தச் சந்தேகத்துக்கும் ஒரு சினிமா உண்டு. 2004இல் இலங்கையின் தேசிய கைப்பந்தாட்ட அணி என்று சொல்லிக்கொண்டு 23 பேர் ஜேர்மனியின் பவேரியாவுக்குப் போனார்கள்; ஆட்டங்களில் தோற்றார்கள்; பிறகு மறைந்துவிட்டார்கள். அப்படி ஓர் அணியே நாட்டில் இருக்கவில்லை. அந்த உண்மைச் சம்பவத்தை வைத்து உபேர்ட்டோ பசோலினி எடுத்த 'மச்சான்' 2008இல் வெனிஸ் விழாவின் இணைப் பிரிவில் காட்டப்பட்டது. அந்த 23 பேரையும் நான் இழித்துப் பேச மாட்டேன். நேர்வழியில் கதவு திறந்திருந்தால் யாரும் விளையாட்டுச் சட்டை போட்டுக்கொண்டு போக மாட்டார்கள். ஆனால் அதன் விலையை இன்றைய கலைஞர் வீசா மேசையில் கொடுக்கிறார் என்பதும் உண்மை.

ஜெட்டுக்கு இன்னொரு விலையும் உண்டு. அதைக் கொடுப்பவர்கள் யார் என்ற கேள்வியை நம் கரையில் இருந்துதான் கேட்க வேண்டும். ஐரோப்பாவின் போக்குவரத்து, சூழல் ஆய்வமைப்பு 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரு பயணிக்கு என்று கணக்குப் பார்த்தால் தனியார் ஜெட் பயணிகள் விமானத்தைவிட 5 முதல் 14 மடங்கு அதிகமாகக் காற்றை மாசாக்குகிறது. 2024 நவம்பரில் ஸ்டெபான் கொஸ்லிங்கும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு உலகத் தனியார் ஜெட்டுகளின் பறப்புகளைத் தொடர்ந்து பதிவுசெய்து கணக்கிட்டது. 2019க்கும் 2023க்கும் இடையில் இந்த ஜெட்டுகளின் கரிவளி வெளியீடு 46 சதவீதம் கூடியிருக்கிறது. 2023இல் மட்டும் சுமார் 156 இலட்சம் தொன். அவற்றின் பறப்புகளில் பாதிக்குக் கிட்டியவை 500 கிலோமீற்றருக்கும் குறைந்த தூரம். 2023 கான் விழாவுக்கு மட்டும் 600க்கும் மேற்பட்ட தனியார் பறப்புகள் என்று அந்த ஆய்வு சொல்கிறது. பாரிஸிலிருந்து கானுக்கு ஐந்து மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ரயில் இருக்கிறது. விழாவும் சும்மா இருக்கவில்லை: 2021 முதல் அங்கீகார அட்டை பெறுவோரிடம் சூழல் பங்களிப்பாக ஒரு தொகை வாங்குகிறார்கள், கம்பளம் மாற்றுவதைக் குறைத்திருக்கிறார்கள். ஆனால் பஸ்ஸில் வந்தவரும் ஜெட்டில் வந்த நட்சத்திரமும் அதே தொகையைக் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்த ஆய்வு வெளியான அதே 2024 நவம்பரில் நம் பக்கம் வெள்ளத்தில் கிடந்தது. கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் சவளக்கடைக்கும் நாவிதன்வெளிக்கும் கல்முனையோடு தொடர்பு அறுந்துவிடும். ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் சுற்றித்தான் போக வேண்டும். நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில், மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அந்தப் பிள்ளைகளில் பலர் உயிரோடு திரும்பவில்லை. ஒரு குறித்த வெள்ளத்தை ஒரு குறித்த ஜெட்டின் கணக்கில் எழுத முடியாது. அப்படி எழுதவும் மாட்டேன். ஆனால் சூடாகும் கடலிலிருந்து வலுத்து வரும் மழையை முதலில் வாங்குவது எங்களைப்போன்ற தாழ்ந்த கரைகள் என்பதில் அறிவியலுக்கு ஐயமில்லை. வீட்டுக்குப் போவதற்கே வழியில்லாத பிள்ளைகளும், முப்பது கிலோமீற்றருக்கு ஹெலிகொப்டர் ஏறுகிறவர்களும் ஒரே வானத்தின் கீழே இருக்கிறார்கள் என்பதை மறந்து இந்த விழாக்களைப் பற்றி எழுத என்னால் முடியாது.

எரிபொருள் பற்றிய இன்னொரு நினைவு 2022 மே மாதத்துடையது. அந்த மாதம் கானில் விழா வழமைபோல் நடந்தது. இங்கே பெற்றோலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. வள்ளங்கள் கரையில், உழவு இயந்திரங்கள் முற்றத்தில். கட்டுநாயக்கவிலிருந்து புறப்பட்ட விமானங்கள் திருவனந்தபுரத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு பறந்த காலம் அது. அந்தக் காலத்தையே களமாக வைத்துப் பிரசன்ன விதானகே 'பரடைஸ்' படத்தை எடுத்தார். நெருக்கடிக்குள் சுற்றுலா வந்த இந்தியத் தம்பதியின் கதை. 2023இல் பூசான் விழாவில் அது கிம் ஜிசோக் விருதைப் பெற்றது. நாம் வரிசையில் நின்ற நாட்கள் கொரியாவில் விருது வாங்கின என்றால், விழாக்கள் எதைத் தேடுகின்றன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

விழாவின் உள்ளே இருக்கும் உழைப்பாளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2024இல் கான் விழா தொடங்கும் வேளையில், படம் ஓட்டுகிறவர்களும் நுழைவுச்சீட்டு வேலை செய்கிறவர்களும் வேலைநிறுத்த அழைப்பு விடுத்தார்கள். விழாவுக்கு விழா ஒப்பந்தத்தில் வேலை செய்யும் அவர்களுக்கு வேலையில்லாத நாட்களின் காப்பீடு போதவில்லை என்பது அவர்கள் முறைப்பாடு. அந்தப் பளபளப்பின் கீழே நம் ஊர்த் தறிக்காரரைப்போல் வேலை கிடைக்கும் நாளுக்குக் காத்திருக்கும் மனிதர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு என்ன வழி? கான் பெரும்பாலும் தொழில்முறையாளருக்கான மூடிய விழா. பேர்லினும் ரொட்டர்டாமும் பூசானும் பொதுமக்களுக்குச் சீட்டு விற்கும் விழாக்கள். முதற்படத்தோடு போகிறவருக்கு அந்தத் திறந்த விழாக்களே ஏற்றவை என்பது என் கருத்து. ரொட்டர்டாமின் ஹியூபர்ட் பால்ஸ் நிதி நம்மைப்போன்ற நாடுகளின் இயக்குநர்களுக்குத் திரைக்கதைக் கட்டத்திலேயே உதவுகிறது. கானுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசையுள்ள இளைஞருக்கும் ஒரு கதவு உண்டு: 2018 முதல் 'கானில் மூன்று நாட்கள்' என்ற திட்டத்தில், 18 வயதைத் தாண்டிய இளம் சினிமா ஆர்வலருக்கு இலவச அங்கீகார அட்டை கொடுக்கிறார்கள். சினிமாவை ஏன் நேசிக்கிறேன் என்று ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஒரு கடிதம் எழுத வேண்டும். பயணச் செலவு நம்முடையது.

அதற்கும் முன்னால் பஸ்ஸில் போகக்கூடிய விழா ஒன்று இருக்கிறது. அனோமா ராஜகருணா 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா, பெரிய நகரங்களில் மட்டுமே காணக்கிடைத்த படங்களை வடக்குக்குக் கொண்டுவந்தது. இயக்குநர்களோடு உட்கார்ந்து பேச வைத்தது. கிழக்குக்கு அப்படி ஒன்று வேண்டும். கல்முனையிலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ மூன்று நாள் நடத்தப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு நல்ல புரொஜெக்டர், இருட்டாக்கக்கூடிய மண்டபம், படங்களுக்கான அனுமதி, தமிழ் உபதலைப்பு போதும். 1972 முதல் இருக்கும் திரைப்படக் கூட்டுத்தாபனம், வெளிநாட்டு விழாவுக்கு அழைக்கப்படும் எந்த மொழி இயக்குநருக்கும் வீசாவுக்கான உறுதிக் கடிதமும் பயணக் காப்புறுதியும் தர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். ஒரு ஜெட் ஒரு மணி நேரம் பறக்கும் காசில் அப்படிப் பல பேரை அனுப்பலாம்.

சுனாமி எடுத்த வீடுகள், வெளிநாட்டுக்குப் போன உம்மாமார், மருதமுனைத் தறிகள், வேளாண்மை வெட்டுக் காலத்து வயல்வாடி, பள்ளிவாசல் முற்றத்துப் பேச்சு, தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டையும் சமரசமும் செய்யும் வயல்கள் என்று கிழக்கில் எடுக்கக் காத்திருக்கும் படங்கள் ஏராளம். அவற்றை எடுக்க இங்கே பிறந்தவரின் கண் வேண்டும். 'கானில் மூன்று நாட்கள்' திட்டத்துக்கான விண்ணப்பம் விழாவின் இணையத்தளத்திலேயே வரும். ஆசையுள்ளவர்கள் ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் பிள்ளைகளுக்கு நம் பாடசாலை ஆங்கில ஆசிரியர்கள் ஒரு பின்னேரம் ஒதுக்கி உதவ வேண்டும்.